எந்த மூன்றரை?

பிறகு படிக்கலாம் என்று சேர்த்துவைத்தவை
ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று.
சேர்க்கும்போதே படித்துவிட்டது போல
ஒரு நிறைவு வரும். எனக்கு அது போதுமாயிருந்தது.
ரீகாவில் குளிர்காலம் நீளம்.
பட்டியல் அதைவிட நீளம்.

ரொட்டி ஆலையின் அடுப்புகளுக்கு
நேரம் சொல்லும் நிரல் எழுதுகிறேன்.
மாவை ஒருநாளும் தொட்டதில்லை.

அக்டோபரின் கடைசி ஞாயிறு.
நான்கைத் தொட்ட கடிகாரங்கள்
சட்டப்படி மூன்றுக்குத் திரும்பும் இரவு.
மூன்றரைக்கு அடுப்பு மூண்டது, சரியாக.
ஐம்பது நிமிடம் வெந்தன, சரியாக,
அறுநூறு ரை ரொட்டிகள்.
கதவு திறக்கக் காத்திருந்த நேரத்தில்
இன்னொரு மூன்றரை வந்தது.
என் நிரல் அதையும் நம்பியது.

திங்கள் காலை ஷிஃப்ட் மேற்பார்வையாளர் ஸ்கைத்ரீதே
ஒரு ரொட்டியை என் மேசையில் வைத்தார்.
செங்கல் வைத்த ஓசை.
திட்டவில்லை. கேட்டார்:
"வருஷா வருஷம் கடிகாரம் இதைத்தானே செய்கிறது,
உங்களுக்கு யாரும் சொல்லவில்லையா?"

சொல்லியிருந்தார்கள்.
பட்டியலில் நானூற்றுப் பன்னிரண்டாவது.
மூன்று வருடம் முன்பு நானே சேர்த்தது.
ஹாலிஃபாக்ஸில் யாரோ ஒருவர்
பால்பண்ணைகளுக்கு நிரல் எழுதுபவர்
தன் மாடுகள் ஒரே மணியில் இருமுறை கறக்கப்பட்ட கதையை
ஒளிக்காமல் எழுதியிருந்தார்:
என்ன நினைத்தார், எந்த வரியில் சறுக்கினார்,
எத்தனை நாள் யார்மீதோ பழி போட்டார்.
ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதாம்.
நான் ஏட்டையே திறக்கவில்லை.

அன்றிரவு பட்டியல் முழுவதையும் அழித்தேன்.
கை கொஞ்சம் நடுங்கியது, உண்மை.
நானூற்றுப் பன்னிரண்டை மட்டும் வைத்துக்கொண்டேன்.

இப்போது பத்தாம் எண் டிராமில்
போகும்போது ஒன்று, ஒன்றே ஒன்று.
கல் பாலம் வந்ததும் ஃபோனைக் கவிழ்த்துவிட்டு
தௌகவா ஆற்றைப் பார்ப்பேன்.
அக்கரை சேர்வதற்குள்
படித்ததை என் சொல்லில் சொல்லிவிட வேண்டும்.
வரவில்லையென்றால்
திரும்பும்போதும் அதேதான்.
ஒரு கட்டுரை என்னை ஒன்பது முறை ஆறு கடக்க வைத்தது.

'ஐந்தே வழிகள்' என்று தொடங்கினால்
அடுத்த நிறுத்தத்தில் இறக்கிவிடுவேன்.
'நான் தவறிழைத்தேன்' என்று தொடங்குகிறவருக்கு
ஜன்னலோர இருக்கை.

கிர்ட்ஸ் நாளுக்கு நாற்பது படிக்கிறான்.
எந்தப் புதுக் கருவியைக் கேட்டாலும்
பெயர் தெரியும். பெயர்தான் தெரியும்.
நுனிப்புல்லுக்கும் ருசி உண்டு என்கிறான்.
இருக்கலாம்.
பிப்ரவரியில் இரண்டு வாரம்
நானும் ஐஸ் ஹாக்கி பார்த்தபடியே ஆற்றைக் கடந்தேன்.

மார்ச்சில், பக்கத்து மேசை எல்வீரா
புதிய அடுப்புக்கான வரியைக் காட்டினாள்:
தினமும் மூன்றரைக்கு.
"எந்த மூன்றரை?" என்றேன்.
சிரித்தாள். நிறுத்தினாள்.
காலண்டரை எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
இந்த ஞாயிறு கடிகாரம் மூன்றிலிருந்து
நான்குக்குத் தாவிவிடும்.
வரவே வராத மூன்றரைக்கு
அடுப்பு யார் மூட்டுவது?

அந்த ஞாயிறு இரவு இருவரும் ஆலைக்கே போனோம்.
கம்பளித் தொப்பியோடு மூலையில் நின்று
இல்லாத அந்த ஒரு மணி நேரம்
எங்களைத் தாண்டிப் போவதைப் பார்த்தோம்.
அடுப்பு மூண்டது.
ஸ்கைத்ரீதே ஒரு ரொட்டியைக் கவிழ்த்து
அடியில் விரலால் தட்டினார்,
காது கொடுத்துக் கேட்டார்,
ஓரத்தை வெட்டித் தந்தார், சீமைச்சோம்பு வாசத்தோடு.

விடியலின் முதல் டிராமில்
எதையும் படிக்கவில்லை.
பாலம் வந்தது. பழக்கத்தில்
இன்று அறிந்ததைச் சொல்லிப் பார்க்க முயன்றேன்.
வாய் நிறைய ரொட்டி.